புறாவின் நிறம் நோயைக் காட்டுமா? காட்டுப்புறாக்களின் நிற வேறுபாடும் ஒட்டுண்ணிகளும்: கோழி, புறா வளர்ப்போர் அறிய வேண்டியவை

களத்தில் கம்பு காயவைத்தாலும், கோழிக்குக் குருணை போட்டாலும் முதலில் வந்து இறங்குவது புறாக்கள்தான். சாம்பல் நிறக் கூட்டத்துக்கு நடுவே ஒன்று முழுக் கருப்பாக இருக்கும். இன்னொன்று செம்பழுப்பாக இருக்கும். வேறொன்றின் இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரியும். "கருப்பாக இருப்பது நோயாளிப் புறாவா? வெள்ளைப் புறா என்றால் சுத்தமானதா? இவற்றால் நம் கோழிக்கு ஏதாவது வருமா?" என்பவை விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்.

முதல் இரண்டுக்கும் விடை, இல்லை. மூன்றாவதற்கு விடை, வரலாம். புறாவின் நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. ஒட்டுண்ணி தண்ணீர்த் தொட்டி, தீவனத் தட்டு, கூடு ஆகியவற்றின் வழியே வருவது. நிறத்தைப் பார்த்து ஒரு பறவையை ஒதுக்குவதாலோ வாங்குவதாலோ கோழியைக் காப்பாற்ற முடியாது. எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காணலாம்.

நம் ஊரில் காணப்படும் புறாக்கள்

மாடப்புறா: கிணற்றுச் சுவர், கோயில் கோபுரம், பாலத்தின் அடிப்பகுதி, பழைய கட்டடங்களில் கூடு கட்டும். சாம்பல் உடல், இறக்கையில் இரண்டு கரும்பட்டைகள், கழுத்தில் பச்சையும் ஊதாவுமான பளபளப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். ஐரோப்பிய மாடப்புறாவுக்கு முதுகின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருக்கும். நம் நாட்டு மாடப்புறாவுக்கு அந்த இடமும் சாம்பல்தான்.

புள்ளிப்புறா: பின்கழுத்தில் கருப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தது போலிருக்கும். தோட்டங்களில் சாதாரணமாகக் காணலாம்.

சின்னத் தவிட்டுப்புறா: வறண்ட நிலம், வேலி ஓரங்களில் இணையாக மேயும். உடல் தவிட்டு நிறம்.

கள்ளிப்புறா: வெளிர் சாம்பல் நிறம், பின்கழுத்தில் கருப்பு வளையம்.

மரகதப்புறா: பச்சை இறக்கை கொண்டது. காட்டுப்பகுதியில் வாழும் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை.

இவை தவிர, ஆண் செங்கல் நிறத்திலும் பெண் சாம்பல் பழுப்பிலும் இருக்கும் சிறு புறா ஒன்றும் உண்டு. இதன் அறிவியல் பெயரில் தரங்கம்பாடியின் பெயர் இருக்கிறது. சேர்ந்து மேயும் ஆணையும் பெண்ணையும் பார்த்து, இவை வேறு வேறு இனங்கள் என்று பலர் எண்ணுவதுண்டு.

ஒரே இனத்தில் இத்தனை நிறங்கள் ஏன்?

நிற வேறுபாடு மிகுதியாகக் காணப்படுவது மாடப்புறாவில்தான். மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை வளர்த்து, நிறம் பார்த்து இணை சேர்த்து வந்திருக்கிறார்கள். வளர்ப்புக் கூண்டிலிருந்து தப்பிய பறவைகள் காட்டுப்புறாக்களோடு கலந்தன. அதனால்தான் கோபுரத்துப் புறாக் கூட்டத்தில் கருப்பு, வெள்ளை, செம்பு, கலப்பு எல்லாம் தெரிகின்றன. புள்ளிப்புறாவும் தவிட்டுப்புறாவும் மாடப்புறாவைப் போல ஊர் ஊராக வளர்க்கப்பட்டுக் கலந்தவை அல்ல. அவற்றில் நிற மாற்றம் அரிது.

இறகின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. இது எவ்வளவு சேர்கிறது, எந்த இடத்தில் சேர்கிறது என்பதை மரபணுக்கள் முடிவு செய்கின்றன. ஒரு மரபணு இறக்கையில் பட்டை வருமா, கட்டம் கட்டமான கோலம் வருமா என்று தீர்மானிக்கிறது. இந்தக் கட்டக் கோலத்துக்கான மரபணு, ஆப்பிரிக்கக் காட்டுப்புறா இனம் ஒன்றோடு நடந்த கலப்பினால் மாடப்புறாவுக்கு வந்தது என்று 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இன்னொரு மரபணு அந்தக் கருமையை உடல் முழுக்கப் பரப்பிவிடும். முழுக் கருப்புப் புறா இப்படித்தான் உருவாகிறது.

செஞ்சாம்பல், நீலச்சாம்பல், பழுப்பு ஆகிய மூன்று அடிப்படை நிறங்களுக்கான மரபணு, பாலினத்தை முடிவு செய்யும் குரோமோசோமில் இருக்கிறது. இது புறா வளர்ப்போருக்கு நேரடியாகப் பயன்படும். நீலச்சாம்பல் ஆணையும் செஞ்சாம்பல் பெண்ணையும் சேர்த்தால், பிறக்கும் ஆண் குஞ்சுகள் செஞ்சாம்பலாக இருக்கும். பெண் குஞ்சுகளுக்குத் தாயின் செஞ்சாம்பல் வராது. இறகு முளைத்ததும் நிறத்தை வைத்தே ஆண், பெண் பிரித்துவிடலாம்.

நோய்போலத் தெரியும், ஆனால் நோயல்ல

• இறக்கையில் பிறவியிலேயே உள்ள வெள்ளைத் திட்டு. பறவை நன்றாகப் பறந்து மேய்ந்தால் கவலை வேண்டாம்.

• கழுத்தில் பளபளப்போ புள்ளியோ இல்லாத மங்கலான பறவை. பெரும்பாலும் அது இளம் பறவை. இளம் புள்ளிப்புறாவுக்குக் கழுத்துப் புள்ளிகள் இருக்காது. இளம் மாடப்புறாவின் கண் சிவக்காமல் பழுப்பாக இருக்கும்.

• இறகு உதிர்த்து முளைக்கும் பருவத்தில் ஏற்படும் அலங்கோலமான தோற்றம்.

இறகின் குறுக்கே மெலிந்த கோடுகள் தெரிவதைக் கவனிக்க வேண்டும். அந்த இறகு வளர்ந்த நாட்களில் பறவை பட்டினி கிடந்தது அல்லது நோய்வாய்ப்பட்டிருந்தது என்பதை அது காட்டலாம். வளர்ப்புப் புறாக்கள் பலவற்றில் இப்படிக் கோடு தெரிந்தால் தீவனத்தையும் ஒட்டுண்ணியையும் சரிபார்க்கவும்.

நிறத்துக்கும் ஒட்டுண்ணிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் அது கூட்டத்தின் சராசரியில் தெரியும் தொடர்பு. ஒற்றைப் பறவையைப் பார்த்து முடிவு சொல்லும் அளவுக்கு வலுவானதல்ல.

பிரான்சில் பாரிஸ் பகுதிப் புறாக்களை ஆராய்ந்தபோது, கருமை மிகுந்த புறாக்களில் இரத்த ஒட்டுண்ணியின் அளவு குறைவாகவும், நோய் எதிர்ப்புச் செயல்பாடு கூடுதலாகவும் இருந்தன. இந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. கருமை மிகுந்த புறாக்கள் தம் இறகில் துத்தநாகத்தை அதிகம் சேர்த்து வைக்கின்றன என்று 2014இல் வெளியான மற்றொரு ஆய்வு காட்டியது. 'கருப்புப் புறா நோயாளி' என்று ஊரில் சொல்வதற்கு நேர்மாறான முடிவுகள் இவை. அதற்காகக் கருப்புப் புறாவுக்கு நோயே வராது என்று எண்ணிவிடக் கூடாது. அதே பாரிஸ் கூட்டத்தில் கருப்புப் புறாக்களுக்கும் ஒட்டுண்ணி இருந்தது.

இறகுப் பேன் விஷயத்தில் நிறம் வேறு விதமாக வேலை செய்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரே வகைப் பேன்களை வெள்ளை, கருப்பு, சாம்பல் புறாக்களில் விட்டு நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். பேனுக்கு அது சுமார் 60 தலைமுறை. வெள்ளைப் புறாவில் இருந்த பேன்கள் வெளுத்தன, கருப்புப் புறாவில் இருந்தவை கருத்தன. புறா அலகால் இறகைக் கோதும்போது கண்ணுக்குத் தெரியும் பேனைப் பிடித்துவிடுகிறது. இறகின் நிறத்தோடு ஒத்துப்போகும் பேன் தப்பிப் பெருகுகிறது. அலகு முழுதாகச் சேராதபடி சிறு தடுப்பு வைத்து, கோத முடியாமல் செய்த புறாக்களில் பேனின் நிறம் இப்படி மாறவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, வெள்ளைப் புறாவில் பேன் கண்ணில் படவில்லை என்பதால் பேன் இல்லை என்று பொருளல்ல. அது வெளுத்த பேனாக இருக்கலாம். இரண்டாவது, பறவைக்கு அலகுதான் முதல் பேன் மருந்து. புறாவின் மேல் அலகு நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்நீண்டிருக்கும் பகுதியை வெட்டினால்கூடப் பேன் பெருகுகிறது. அலகு வெட்டிய முட்டைக் கோழிகளிலும் செள்ளும் பேனும் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழிக்குக் காரணமில்லாமல் அலகு வெட்ட வேண்டாம்.

கவனிக்க வேண்டிய ஒட்டுண்ணிகள்

1. தொண்டைப்புண் நோய்

புறாக்களின் ஒட்டுண்ணிகளில் மிகவும் கவனிக்க வேண்டியது இது. காரணம் ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒரு செல் உயிரி. வாய், தொண்டை, தீனிப்பையில் வாழ்கிறது. தாய்ப்புறாவும் தந்தைப்புறாவும் தீனிப்பையில் சுரக்கும் பால் போன்ற கஞ்சியைக் குஞ்சின் வாயில் ஊட்டும்போது நோய் அப்படியே குஞ்சுக்குப் போய்விடுகிறது. பெற்றோர் பார்க்க நலமாகவே இருக்கும்.

அறிகுறிகள்: வாயிலும் தொண்டையிலும் பாலாடைக்கட்டி போன்ற மஞ்சள் படிவு, விழுங்க முடியாமை, வாயில் எச்சில் வடிதல், துர்நாற்றம், உடல் மெலிதல். குஞ்சுகள் விரைவில் இறக்கும்.

கோழி தண்ணீரை அலகில் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அலகைத் தண்ணீருக்குள் வைத்தபடியே உறிஞ்சும். அப்போது அதன் வாயில் உள்ள கிருமி தண்ணீரில் கலக்க வாய்ப்பு அதிகம். நோய்ப்பட்ட புறா விழுங்க முடியாமல் உதிர்க்கும் தானியமும் அப்படித்தான். இந்த உயிரிக்கு ஈரம் தேவை. காய்ந்த இடத்தில் பிழைக்காது. நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய பலவீனம் இதுதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். பிரிட்டனில் புறாக்களின் இந்த நோய் 2005 வாக்கில் தானியம் தின்னும் சிறு குருவிகளிலும் காணப்பட்டது. கிரீன்ஃபிஞ்ச் என்னும் குருவியின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் சுமார் 43 லட்சத்திலிருந்து 28 லட்சமாகச் சரிந்தது. வீடுகளில் பறவைகளுக்கு வைக்கும் தீவனத் தட்டும் தண்ணீரும் பரவலுக்கு வழி என்று கருதப்பட்டதால், அவற்றைக் கழுவிக் காயவைக்கும்படி மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். மொரீஷியஸ் தீவில் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் சுமார் 10 மட்டுமே மிஞ்சியிருந்தது. பாதுகாப்பு முயற்சியால் பின்னர் சில நூறாகப் பெருகியது. அங்கே குஞ்சுகளைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதே நோய் இருந்தது. அந்தத் தீவில் கொண்டுவந்து விடப்பட்ட பிற புறாக்களும் இதே கிருமியைச் சுமந்தன. நம் ஊர்ப் புள்ளிப்புறாவும் அவற்றில் ஒன்று.

கோழிக்கும் வான்கோழிக்கும் இந்நோய் வரலாம். ஆனால் கோழியின் வாயில் மஞ்சள் படிவு தெரிந்தால் உடனே இதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். அம்மை நோய், வைட்டமின் ஏ பற்றாக்குறை, பூஞ்சை ஆகியவையும் அதே போன்ற படிவை உண்டாக்கும். கால்நடை மருத்துவர் படிவின் ஓரத்திலிருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். படிவைக் குச்சியால் சுரண்டக் கூடாது. இரத்தம் கசிந்து பறவை இறந்துபோகலாம்.

2. புறா ஈயும் இரத்த ஒட்டுண்ணியும்

புறாவைக் கையில் பிடித்தால் இறகுக்குள்ளிருந்து தட்டையான பழுப்பு ஈ ஒன்று நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும். இதுவே புறா ஈ. இரத்தம் குடித்து வாழும். முட்டையிடாமல் வளர்ந்த புழுவையே ஈனும். அந்தப் புழு கூட்டின் குப்பையில் விழுந்து கருப்பான கூட்டுப்புழுவாகி, சுமார் நான்கு வாரங்களில் ஈயாக வெளிவரும். ஹீமோபுரோட்டியஸ் என்னும் இரத்த ஒட்டுண்ணியை ஒரு புறாவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இந்த ஈதான். பெரிய புறாக்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். குஞ்சுகள் வெளுத்து, மெலிந்துபோகும். இந்த இரத்த ஒட்டுண்ணி கோழிக்கோ மனிதருக்கோ வருவதில்லை. ஈ சில நேரம் மனிதரைக் கடிக்கும்.

3. இறகுப் பேன்

புறாவின் மெல்லிய நீளப் பேன் இறகு இழைகளுக்கு இடையே படுத்துக்கொள்ளும். இறகைத்தான் தின்னும். கருப்பு இறகைப் பேன் தொடாது என்ற கருத்து சரியல்ல. கருப்பு இறகையும் வெள்ளை இறகையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்த ஆய்வில் பேனின் வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. புறாப் பேன் கோழியில் நிலைத்து வாழாது. ஒரு புறாவில் மட்டும் பேன் அளவுக்கு மீறி இருந்தால் அதன் அலகையும் உடல்நிலையையும் பாருங்கள். கோத முடியாத பறவையில்தான் பேன் பெருகும்.

4. உண்ணி

பகலில் சுவர் வெடிப்பிலும் மரச்சட்ட இடுக்கிலும் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும் கோழி உண்ணி, புறாக் கூண்டிலும் வாழும். இரை இல்லாமலே பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். கோழிக்குக் காய்ச்சலையும் பச்சைக் கழிச்சலையும் தரும் ஸ்பைரோகீட் நோயைப் பரப்பக்கூடியது. புறாக் கூண்டைக் கோழிக் கொட்டகைக்கு மேலேயோ ஒட்டியோ கட்டியிருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

5. குடல் ஒட்டுண்ணிகள்

மயிரிழை போன்ற மெல்லிய குடற்புழு ஒன்று புறாவுக்கும் கோழிக்கும் பொதுவானது. எச்சம் கலந்த ஈர மண் வழியே பரவும். கோழிக்கு வரும் இரத்தக் கழிச்சலுக்குக் காரணமான காக்சிடியா, புறாவிலிருந்து வருவதில்லை. புறாவின் காக்சிடியா வேறு வகை.

ஒட்டுண்ணி அல்லாத இரண்டு ஆபத்துகள்

கழுத்து முறுக்கிக்கொள்வது, தலை சுற்றுவது, இறக்கை தொங்குவது, பச்சைக் கழிச்சல் ஆகியவை புறாவில் தெரிந்தால் அது வைரஸால் வரும் கழிச்சல் நோயாக இருக்கலாம். கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயின் உறவுக்காரக் கிருமி இது. கோழிக்கும் பரவும். கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதே வழி.

ஒரே நாளில் ஒரே வயலில் பல புறாக்கள் இறந்து கிடந்தால், பெரும்பாலும் காரணம் விஷம். மருந்து கலந்த விதையை மண் மூடாமல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இறந்த பறவைகளைக் கோழியும் நாயும் தின்ன விடாதீர்கள்.

கோழி வைத்திருப்போர் செய்ய வேண்டியவை

• தீவனத்தைக் காலையும் மாலையும் கோழி தின்னும் அளவுக்கு மட்டும் போடுங்கள். மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் தட்டுதான் புறாக்களை அழைக்கிறது.

• தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். இரண்டு சட்டி வைத்து மாற்றிப் பயன்படுத்தினால் காய்வதற்கு நேரம் கிடைக்கும். செலவில்லாத இந்த ஒரு வேலை, தொண்டைப்புண் நோய்க் கிருமியைப் பெருமளவு தடுக்கும்.

• காட்டுப்பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க விரும்பினால், கோழி எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள். அதையும் தினமும் கழுவுங்கள்.

• குஞ்சுகளின் தீவனமும் தண்ணீரும் பஞ்சாரத்துக்குள்ளோ வலை அடித்த இடத்திலோ இருக்கட்டும்.

• கொட்டகைச் சுவர் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். உண்ணி இருந்தால் மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் இடுக்குகளில் தெளியுங்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் அடிக்காதீர்கள்.

• கழிச்சல் நோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையின் இருவார முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கிறது.

வீட்டில் புறா வளர்ப்போருக்கு

• வாங்கும்போது நிறத்துக்கு விலை பேசுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக, படிவும் நாற்றமும் இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு நெஞ்சு எலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி போலத் தட்டுப்பட்டால் பறவை மெலிந்திருக்கிறது. கடைசியாக, இறக்கையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பேனும் பேன் தின்ற ஓட்டைகளும் தெரியும்.

• புதுப் பறவையை 30 நாட்கள் தனிக் கூண்டில் வைத்த பிறகே கூட்டத்தில் சேருங்கள். கர்ணப்புறாவோ ஹோமரோ, எந்தச் சாதிக்கும் இது பொருந்தும்.

• கூட்டின் குப்பையை 15 முதல் 20 நாட்களுக்கு ஒருமுறை எடுத்து எரியுங்கள். புறா ஈ வெளிவருவதற்கு முன்பே அதன் கூட்டுப்புழு அழிந்துவிடும்.

• காய்ந்த எச்சத்தைப் பெருக்கும்போது தூசி நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது.

• தொண்டைப்புண் நோய்க்கு மருந்து உண்டு. ஆனால் இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் பறவைகளுக்கு அந்த வகை மருந்துகளைக் கொடுப்பதில் கட்டுப்பாடுகள் உள்ளன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தண்ணீரில் கலக்க வேண்டாம். கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

செய்யக் கூடாதவை

நோய்க்குப் பயந்து காட்டுப்புறாக்களை வலை வைத்துப் பிடிக்கவோ விஷம் வைக்கவோ கூடாது. புள்ளிப்புறா, தவிட்டுப்புறா, கள்ளிப்புறா, மரகதப்புறா போன்றவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடித்துப் பயனும் இல்லை. தீவனமும் தண்ணீரும் திறந்து கிடக்கும் வரை, போன புறாக்களின் இடத்துக்கு வேறு புறாக்கள் வரும். இப்பறவைகள் களை விதைகளையும் தின்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

நிறம் வேறாக இருக்கிறது என்பதற்காகக் கூட்டிலுள்ள குஞ்சை எடுத்து எறிவதும் வேண்டாம். அது பெற்றோரின் மரபணு செய்த வேலை.

கோழியோ புறாவோ இரண்டு நாட்களுக்குள் ஒன்றுக்கு மேல் இறந்தால் காத்திருக்காதீர்கள். இறந்த பறவையைப் பாலித்தீன் பையில் கட்டி, அழுகுவதற்கு முன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் பரிசோதித்துக் காரணம் அறியலாம். மற்ற இறந்த பறவைகளை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். மருத்துவர் காரணத்தைச் சொல்லும் வரை கோழிகளைக் கொட்டகைக்குள்ளேயே அடைத்துத் தீவனமும் தண்ணீரும் கொடுங்கள்.